மழை என்று நம்பிய விசிறி

கள்ளிநிழல் முகாமில் யாராவது தன் வண்டிமீது ஏணியைச் சாய்த்துவிட்டால் போதும். காப்பி ஆறுவதற்குள் ஏணியடியில் ஆறேழு பேர் மடக்கு நாற்காலியோடு வந்து சேர்ந்துவிடுவார்கள். எல்லோரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்கள். பாதிப் பேருக்கு முழங்கால் மாற்றியாகிவிட்டது, ஒரு படிகூட ஏற முடியாது. ஆனால் ஏறினவர் என்ன செய்ய வேண்டும் என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும், ஒவ்வொருவருக்கும் வேறு மாதிரி தெரியும். அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை, போகச் சொல்வதும் இல்லை. அரிசோனா பாலைவனத்தில் குளிர்காலத்தைக் கழிக்க வீட்டையே வண்டியாக ஓட்டிக்கொண்டு வருகிறவர்களின் வழக்கம் அது.

அதனால்தான் வெர்னன் டோலஃப்சன், கூரையில் இருக்கும் விசிறியைக் கூரைக்கே போகாமல் பழுது பார்ப்பது என்று தீர்மானித்தார்.

"ஏணியெல்லாம் வேண்டாம்," என்றார் மனைவியிடம். "உள்ளேருந்தே பார்த்துக்கலாம். ஏணி வச்சா டெல்பர்ட் வந்துடுவான்."

"வரட்டுமே. தெரிஞ்சதைச் சொல்லிட்டுப் போறான்," என்றாள் நேடின்.

"அவனுக்கு என்ன தெரியும்? வந்து பார்த்துட்டு, தலைவர் வண்டியிலேயே விசிறி ஓடலைன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிப்பான். வெள்ளிக்கிழமை ஓட்டு இருக்கு, நேடின். ஞாபகம் இருக்கட்டும்."

நேடினுக்கு அது மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது. ஒவ்வொரு வருஷமும் வெயில் ஏறத் தொடங்கியதும் கள்ளிநிழல்காரர்கள் இருபது வண்டிகளாக அணிவகுத்து வடக்கே கிளம்புவார்கள். இந்த வருஷம் அலாஸ்கா. அணிவகுப்புக்கு ஒரு வண்டித்தலைவர் உண்டு. கை தூக்கி ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். போன முறை வெர்னன்தான் தலைவர். கோடை முழுக்க ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்டுக்கொண்டு, தினமும் விடியற்காலையில் வாக்கிடாக்கியில் அன்றைய பாதையையும், காற்றின் திசையையும், கழிவுத் தொட்டியை எப்போது காலி செய்ய வேண்டும் என்பதையும் அறிவித்துக்கொண்டிருந்தார். அந்த அறிவிப்பை நேடின் இரண்டு தடவை கேட்டாக வேண்டும். முதலில் நேரில், பிறகு அரை நொடி கழித்து வாக்கிடாக்கி வழியாக.

இந்தக் கோடையில் அவளுக்கு வேண்டியது வேறு. மின்னசோட்டாவில், டுலூத் ஊரின் ஏரிக்கரையில் அவள் தங்கை ஆர்லிஸின் வீடு இருக்கிறது. அஸ்திவாரம் போட்ட வீடு. அங்கே காலையில் எழுந்தால் ஜன்னலுக்கு வெளியே நேற்றுப் பார்த்த அதே மரம் நிற்கும். கழுத்துவரை தண்ணீரில் படுத்துக் குளிக்கத் தொட்டி உண்டு. வண்டியில் குளிப்பது, சோப்புப் போட்டுக்கொண்டு தண்ணீரை நிறுத்திவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் எவ்வளவு மிச்சம் என்று அளவுமானியைப் பார்ப்பது. ஆறு வருஷமாக அவள் அப்படித்தான் குளிக்கிறாள்.

"நான் தோத்தா நேரா உன் தங்கச்சி வீடுதான். வாக்குக் கொடுக்கிறேன்," என்று வெர்னன் சொல்லியிருந்தார். தோற்க வழியே இல்லை என்று தெரிந்தவர் கொடுக்கும் வாக்கு எவ்வளவு தாராளமாக இருக்குமோ அவ்வளவு தாராளமாகச் சொன்னார்.

எதிர்த்து நிற்பவர் டெல்பர்ட் க்விக் ஒருவர்தான். ஓக்லஹோமாக்காரர். எது உடைந்தாலும் சாம்பல் நிற ஒட்டுநாடாவைச் சுற்றிவிட்டு 'இனி இதுக்குச் சாவே கிடையாது' என்பவர். அவருடைய வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடி அந்த நாடாவில்தான் தொங்குகிறது. வெர்னனோ மின்னசோட்டாவில் ஒரு காகித ஆலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர். முப்பது வருஷம் மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்த்து, அது எவ்வளவு ஆபத்தானது என்று அட்டையில் எழுதி மாட்டியவர். "முன்கூட்டிப் பராமரித்தால் எதுவும் கெடாது" என்பது அவர் கொள்கை. தன் வண்டியில் இதுவரை ஒரு பொருளும் கெட்டதில்லை என்பது அவர் பெருமை. கெட்டவற்றையெல்லாம் அவர் 'மேம்படுத்தினேன்' என்று சொல்லிக்கொள்வதால் அந்தக் கணக்கு இன்றுவரை பிசகவில்லை.

இப்போது விசிறி மேம்பாட்டுக்குத் தயாராக இருந்தது.

கள்ளிநிழலில் தண்ணீர்க் குழாய் உண்டு, மின் இணைப்பு கிடையாது. எல்லோர் கூரையிலும் சூரியத் தகடு, கீழே பேட்டரி. ஏசி போட வேண்டுமென்றால் ஜெனரேட்டரைக் கிளப்ப வேண்டும். கிளப்பினால் அக்கம்பக்கத்து ஜன்னல்களெல்லாம் திறந்து ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு முறைப்பு வரும். ஆகவே மூச்சுவிட இருப்பது கூரை விசிறி ஒன்றுதான். பொத்தானை அமுக்கினால் மூடி தானாக மேலே எழும்பும், விசிறி சுற்றும், உள்ளே இருக்கும் அனலை இழுத்து வெளியே தள்ளும். மழை பெய்தால் மூடி தானே மூடிக்கொள்ளும். போன குளிர்காலத்தில் வெர்னன்தான் எல்லோரையும் ஒரே ரக விசிறி வாங்கச் சொன்னார். வழியில் ஒருவருக்குக் கெட்டுப்போனால் இன்னொருவருடைய உதிரிப்பாகம் உதவும் என்பது அவர் வாதம். எல்லோருக்கும் ஒரே சமயத்தில் கெட்டால் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. கேட்பவர்களை அவர் கூட்டத்தில் பேச விடுவதும் இல்லை.

திங்கட்கிழமை காலையில் பொத்தானை அமுக்கியபோது மூடி எழும்பியது. விசிறி இரண்டு சுற்றுச் சுற்றியது. பிறகு ஏதோ யோசனை வந்ததுபோல நின்றது. மூடி மெதுவாக இறங்கிச் சாத்திக்கொண்டது. மறுபடி அமுக்கினால் மறுபடி அதே கதை.

வெர்னன் நெற்றியில் விளக்குப் பட்டையைக் கட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசைமேல் ஏறி நின்றார். உள்பக்க வலையைக் கழற்றினார். ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஃபியூஸ் நன்றாக இருந்தது, ஆனாலும் மாற்றினார். மீட்டரை எடுத்துக் கம்பிகளின் முனையில் வைத்தார்.

"பன்னிரண்டரை வோல்ட். மின்சாரம் வருது," என்று அறிவித்தார்.

"மூடி திறந்து திறந்து மூடுதே வெர்னன். மின்சாரம் வராமலா?"

"அது யூகம், கண்ணு. இது அளவீடு."

எர்த் கம்பியைச் சுரண்டித் துடைத்து மறுபடி முறுக்கினார். வெப்பநிலைக் குமிழைத் திருப்பிப் பார்த்தார். மூடியைக் கையால் திருகித் திறந்து வைத்தார். அவர் மேசையைவிட்டு இறங்கியதும் அது திருட்டுப் பூனை மாதிரி சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. மேசையிலிருந்த உருளைக்கிழங்கு சாலட்டில் கூரைத் தூசி விழுந்தது. வண்டிக்குள் ரொட்டி வேகலாம் போன்ற வெக்கை.

அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நேடினுக்கு ஒரேகானில் ஒருநாள் ஞாபகம் வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது விசிறி இதேபோல இரண்டு சுற்றுச் சுற்றி நின்று, மூடி இதேபோல இறங்கியது. அப்போது வெளியே தூறல்.

"மழை பெய்யுதுன்னு நினைச்சுக்குதோ?" என்றாள்.

வெர்னன் மேசைமேல் நின்றபடியே சிரித்தார். வயிறு குலுங்க, விளக்குப் பட்டை கண்மேல் இறங்கும்வரை சிரித்தார்.

"மழையா? இங்கேயா? ஜன்னலைத் திறந்து பாரு, ஒரு மேகம் இருந்தா சொல்லு. மோட்டார் போயிடுச்சு நேடின். சுருள் எரிஞ்சிருக்கு. வாசனையே வருதே, தெரியலையா?"

அவளுக்கு வந்தது அவருடைய வியர்வை வாசனை மட்டும்தான். அதை அவள் சொல்லவில்லை.

சாயங்காலமே வெர்னன் புது விசிறிக்கு ஆர்டர் கொடுத்தார். பெட்டி முகாம் அலுவலகத்துக்குத்தான் வரும். வாசலில் ஒரு நீள மேசை, வருகிற பெட்டிகளையெல்லாம் ஊர் பார்க்க அதன்மேல் அடுக்கி வைப்பார்கள். ஆகவே ஆர்டரை மனைவி பெயரில் போட்டார்.

"யாராவது என்னன்னு கேட்டா, கால் பிடிச்சுவிடுற மெஷின்னு சொல்லிடு."

"யார் காலை?"

"உன் காலைத்தான். எனக்கு என் கால்ல என்ன குறைச்சல்?"

புதன்கிழமை பெட்டி வந்தது. வாங்கிவரப் போன நேடின் அலுவலக வாசலிலேயே நின்றுவிட்டாள். நீள மேசையில் ஒன்பது பெட்டிகள் இருந்தன. எல்லாம் ஒரே அளவு. ஒவ்வொன்றின் நான்கு பக்கத்திலும் கூரை விசிறியின் பெரிய வண்ணப்படம், அதற்குக் கீழே அண்ணாந்து பார்த்துப் பூரித்துப்போகும் ஒரு குடும்பம்.

"உங்களுக்கும் ஒண்ணு வந்திருக்கு நேடின்," என்றாள் அலுவலகப் பெண் லூப்பே, தலையை நிமிர்த்தாமல். "ஏதாவது ஒண்ணை எடுத்துக்கோங்க. எல்லாம் ஒரே சாமான்தான்."

நேடின் பெயர்களைப் படித்தாள். ஃபே ப்ரூயிட். வாண்டா க்விக். பிறகு எதிர்வரிசை ஐரீன். ஒன்றில்கூட ஆண் பெயர் இல்லை.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. டெல்பர்ட்டின் மனைவி வாண்டா. பெரிய வெயில் தொப்பி, பூப்போட்ட சட்டை. மேசையைப் பார்த்தாள். தொப்பியைச் சற்று இறக்கிக்கொண்டு தன் பெட்டியைத் தூக்கினாள்.

"என்ன வாங்கியிருக்கே நேடின்?"

"கால் பிடிச்சுவிடுற மெஷின்."

வாண்டா பெட்டிமேல் இருந்த படத்தை நிதானமாகப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. காத்து பலமா வருமோ?"

"வரும்னுதான் சொல்றாங்க. நீ?"

"ரொட்டி சுடுற அடுப்பு. டெல்பர்ட் அப்படித்தான் சொல்லச் சொன்னான்."

இருவரும் ஒரே படம் போட்ட பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி ஒரு நிமிஷம் நின்றார்கள். முதலில் வாண்டாவின் தொப்பி குலுங்கியது. பிறகு நேடினுக்கு அடக்க முடியவில்லை. லூப்பே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, பெரியவர்களுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"உன்னோடதும் திறந்து திறந்து மூடிக்குதா?" என்று கேட்டாள் வாண்டா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எங்க வீட்டுல மூடியை நாடா போட்டு ஒட்டிட்டான். மூடி நாடாவையும் சேர்த்து இழுத்துட்டு மூடிக்கிச்சு. ராத்திரியெல்லாம் வேகறோம். கேட்டா, 'பழகிக்கோ, உடம்புக்கு நல்லது'ங்கறான். எப்போ ஆரம்பிச்சுது உனக்கு?"

"திங்கட்கிழமை."

"எனக்கும்தான். ஃபேவுக்கும் அன்னைக்குத்தான் இருக்கும். ஞாயித்துக்கிழமை என்னடி நடந்துச்சு?"

ஞாயிற்றுக்கிழமை நடந்தது வெர்னனின் வகுப்பு. 'கூரை: நம் முதல் பாதுகாப்பு' என்பது தலைப்பு. நெடும்பயணத்துக்கு முன் எல்லோரும் கூரைக்கு ஒரு வெள்ளைப் பூச்சுத் திரவம் பூச வேண்டும், ஒரு தடவை போதாது இரண்டு தடவை, மூலைமுடுக்கு எதையும் விடக்கூடாது, விசிறி மூடியையும் சுற்றித் தாராளமாகப் பூச வேண்டும் என்று செய்து காட்டினார். அன்று மட்டும் கள்ளிநிழலில் எல்லா வண்டியிலும் ஏணி இருந்தது. அன்று அது பழுது அல்ல, பராமரிப்பு. அதனால் யாருக்கும் வெட்கமில்லை.

நேடின் பெட்டிமேல் இருந்த விசிறி மூடியின் படத்தையே பார்த்தாள்.

"என்ன?" என்றாள் வாண்டா.

"ஒண்ணுமில்லை. வெள்ளிக்கிழமை யாரு ஜெயிப்பான்னு நினைக்கிறே?"

"உன் புருஷன்தான். ஜெயிக்கட்டும், மவராசனா இருக்கட்டும். டெல்பர்ட் ஜெயிச்சுத் தொலைச்சா நான் கோடை பூரா நாடாவைக் கிழிச்சுக் கிழிச்சுக் கொடுத்துட்டுப் பின்னாடியே போகணும். டல்சாவுல எங்க வீட்டுத் தோட்டத்துல என் தக்காளிச் செடியை யாரு பார்க்கிறது?"

"வேண்டாம் வாண்டா, உன் புருஷனே ஜெயிக்கட்டும்."

"சீச்சீ, அதெல்லாம் உங்களுக்குத்தான் பொருத்தம்."

இப்படி இரண்டு பேரும் தலைவர் பதவியை ஒருவர் தலையில் ஒருவர் கட்டிக்கொண்டே திரும்பி நடந்தார்கள்.

வெர்னன் ஓட்டு வேட்டைக்குப் போயிருந்தார். நேடின் ஒரு வாளியில் தண்ணீரும், ஒரு கிண்ணத்தில் வினிகரும், தோளில் அடுப்படித் துணியுமாக வண்டியின் பின்பக்க ஏணியில் ஏறினாள். பாதியில் நின்று கீழே பார்த்தாள். எதிரில் ரோஸ்கோ ப்ரூயிட் நாற்காலியில் சாய்ந்து முகாமையே வேவு பார்த்துக்கொண்டிருந்தார். ஏணிச் சத்தம் கேட்டால் தூக்கத்திலும் எழுந்து வருகிற மனிதர். அவர் அவளைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். கையசைத்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். ஓர் ஆண் ஏணியில் ஏறினால் பழுது. ஒரு பெண் வாளியோடு ஏறினால் அது வெறும் துடைக்கிற வேலை. அதைப் பார்ப்பதற்கு யாராவது நாற்காலி தூக்கிக்கொண்டு வருவார்களா?

கூரை அடுப்புக்கல்லாகக் கொதித்தது. விசிறி மூடிக்குப் பக்கத்தில் ஒரு காசு அளவுக்கு ஒரு வில்லை. அதில் இரண்டு மெல்லிய உலோகக் கோடுகள், நடுவில் இடைவெளி. அந்த இடைவெளியில் ஈரம் பட்டால் மழை என்று அர்த்தம். இப்போது அதன்மேல் வெர்னனின் வெள்ளைப் பூச்சு தாராளமாக, இரண்டு தடவை, வெண்ணெய் தடவினதுபோலப் படிந்து பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்த வில்லைக்கு ஓயாத அடைமழை.

வினிகரைத் துணியில் நனைத்துத் தேய்த்தாள். கோடுகள் பளிச்சென்று தெரிந்ததும் ஈரம் போகத் துடைத்து இறங்கினாள். உள்ளே போய்ப் பொத்தானை அமுக்கினாள். மூடி எழும்பியது, விசிறி சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்று நாளாக அடைந்து கிடந்த அனலும் வியர்வையும் மேலே போக, ஜன்னல் திரை உள்பக்கமாகப் பறந்தது. நேடின் அதற்கு நேர் கீழே கைகளை விரித்துக்கொண்டு நின்றாள்.

பிறகுதான் யோசித்தாள். இதை வெர்னனிடம் சொன்னால் என்ன ஆகும்? நாளைக்கே 'மழையுணர் வில்லை: ஒரு விளக்கவுரை' என்று வகுப்பு எடுப்பார். கண்டுபிடித்தவரும் அவரே ஆகிவிடுவார். ஒன்பது குடும்பமும் நன்றிக்கடனில் இரண்டு கையையும் தூக்கும். அப்புறம் அலாஸ்கா, ஆரஞ்சு மேல்சட்டை, வாக்கிடாக்கி. சொல்லாமல் விட்டால்? அப்போதும் ஜெயிப்பார், டெல்பர்ட்டுக்கு யார் ஓட்டுப் போடுவார்கள்? எல்லோர் முன்னாலும் சொன்னால்தான் டுலூத் உண்டு. நாற்பது வருஷம் கூடவே குடித்தனம் நடத்தியவரை நாலு பேர் முன்னால் கவிழ்ப்பதா? நேடினுக்கு மனசு வரவில்லை. வெளியே வெர்னனின் செருமல் கேட்டது. சட்டென்று விசிறியை நிறுத்தினாள்.

இரண்டு நாள் அவள் ஓடுகிற விசிறிக்குக் கீழே வேண்டுமென்றே வெந்தாள். வெர்னன் வெளியே போனால் போடுவாள், காலடி கேட்டால் அணைப்பாள். புதுப் பெட்டி கட்டிலுக்கடியில் கிடந்தது. அதைப் பொருத்த ஏணி வேண்டும், ஆகவே ஓட்டு முடியட்டும் என்றார் வெர்னன். "ராத்திரி கொஞ்சம் இதமா இருந்த மாதிரி இல்லே?" என்றும் ஒருநாள் கேட்டார். "எர்த் கம்பியைச் சுத்தம் பண்ணினது வேலை செய்யுது."

வெள்ளிக்கிழமை நாலு மணிக் கூட்டம். அவரவர் நாற்காலி, அவரவர் கோப்பை, நடுவில் பொது மேசையில் சோளச் சில்லும் காரச் சட்னியும் ஏழடுக்கு சாலட்டும். முகாமே வந்திருந்தது. எல்லோரும் வெயிலில் வதங்கின கீரைபோல இருந்தார்கள். உள்ளே இருக்க முடியாததால் ஐந்து நாளாக எல்லோரும் பகலெல்லாம் வெளியேதான் உட்கார்ந்திருந்தார்கள். கேட்டவர்களிடம் வெளிக்காற்றின் மகிமையைச் சொன்னார்கள்.

டெல்பர்ட் முதலில் பேசினார். "என்கிட்ட பேச்செல்லாம் கிடையாது. உடைஞ்சா ஒட்டுவேன், அவ்வளவுதான்," என்று சொல்லி உட்கார்ந்தார். நாலைந்து பேர் கைதட்டினார்கள். வாண்டா தட்டவில்லை.

வெர்னன் எழுந்தார். அந்த வெயிலிலும் ஆரஞ்சு மேல்சட்டை.

"நண்பர்களே! அலாஸ்கா விளையாட்டு இல்லை. அங்கே நாடா போட்டு ஒட்டிட்டுப் போக முடியாது. தயார்நிலை வேணும். என் வண்டியில இன்னைய தேதி வரைக்கும் ஒரு சாமான் கெட்டது கிடையாது. ஏன்? முன்கூட்டிப் பராமரிப்பு. போன ஞாயித்துக்கிழமை என் பேச்சைக் கேட்டுப் பூசின எல்லாக் கூரையும் இப்போ கோட்டை மாதிரி இருக்கு. அதனால நான் ஜெயிச்சதும் முதல் வேலை என்ன தெரியுமா? நாளைக்குக் காலையில எல்லாரும் மூணாவது பூச்சு!"

மூன்றாவது பூச்சு என்றதும் நேடின் எழுந்துவிட்டாள். அவளாக எழவில்லை, கால்கள் எழுந்தன.

"ஒரு நிமிஷம் வெர்னன். நான் ஒண்ணு கேக்கலாமா?"

"கேள்வி நேரம் அப்புறம் வரும், கண்ணு."

"சின்னக் கேள்விதான். யாரு வீட்டுல கூரை விசிறி நல்லா ஓடுது? கையைத் தூக்குங்க."

ஆண்கள் அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள். டெல்பர்ட் இரண்டு கையையும் தூக்கினார். வெர்னனின் கை எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது.

"சந்தோஷம். அப்போ ஆபீஸ் வாசல்ல ஒன்பது பெட்டி வந்துச்சே, அதெல்லாம் யாரோடது?"

ரோஸ்கோ சோளச் சில்லு ஒன்றை வாயில் போட்டார். அது நொறுங்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"எங்க வீட்டுது கால் பிடிக்கிற மெஷின்," என்றாள் நேடின்.

"எங்களுது ரொட்டி அடுப்பு," என்றாள் வாண்டா.

"என்கிட்ட தையல் மெஷின்னு சொல்லச் சொன்னாரு," என்றாள் ஃபே ப்ரூயிட் மெல்ல. சொல்லிவிட்டுக் கணவனைப் பார்த்துக் குபுக்கென்று சிரித்துவிட்டாள். "எனக்கு ஊசியில நூல் கோக்கவே தெரியாது!"

அதற்குப் பிறகு பெண்கள் பக்கத்தில் ஆளுக்கொன்றாக மெஷின்கள் வெளியே வந்தன. தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக, யாரும் பார்க்காதபோது இறங்கின. வெர்னனுடையதுதான் கடைசியில் இறங்கியது.

"விசிறி ஒண்ணும் கெடலை," என்றாள் நேடின். "மூடிக்குப் பக்கத்துல மழையைக் கண்டுபிடிக்கிற வில்லை ஒண்ணு இருக்கு. அதுமேல பூச்சைப் பூசிட்டோம். மழை பெய்யுதுன்னு நம்பிட்டு அது மூடிக்குது. வினிகர் வச்சுத் துடைச்சா போதும். எங்க வீட்டுல புதன்கிழமையிலேருந்து ஓடுது."

"புதன்கிழமையிலேருந்தா?" என்றார் வெர்னன். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. மேல்சட்டையின் பட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தார். நேடின் உட்காரவில்லை.

அடுத்த அரை மணி நேரம் கள்ளிநிழலில் ஒரு வண்டி பாக்கியில்லாமல் ஏணி ஏறியது. வேடிக்கை பார்க்க நாற்காலி போட ஆளில்லை, எல்லோரும் ஏணியில் இருந்தார்கள். முழங்கால் மாற்றினவர்களுக்குப் பதிலாக மனைவிமார் ஏறினார்கள். கீழே நின்றவர்கள் "இடது பக்கம், இன்னும் இடது பக்கம்" என்று கத்தினார்கள். காற்றெல்லாம் வினிகரின் ஊறுகாய் வாசனை. ஒவ்வொரு மூடியாகத் திறந்து, ஒவ்வொரு விசிறியாகச் சுற்றத் தொடங்க, ஒவ்வொரு கூரையிலிருந்தும் ஒரு கூச்சல் எழுந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது எல்லோர் முகத்திலும் தெளிச்சி. ரோஸ்கோ எழுந்தார். "சரி, ஓட்டுக்கு வருவோம். வெர்னனா, டெல்பர்ட்டா?"

நேடின் மனசுக்குள் ஏரிக்கரை வீட்டின் கதவைத் திறந்துகொண்டிருந்தாள். அப்போது வாண்டா தொப்பியைக் கழற்றிவிட்டு எழுந்தாள்.

"எதுக்கு இவங்க ரெண்டு பேரும்? ஒருத்தர் கெடுத்தாரு, இன்னொருத்தர் நாடா போட்டு ஒட்டினாரு. சரி பண்ணினது யாரு? நான் நேடின் பேரைச் சொல்றேன்."

"வாண்டா!" என்று பல்லைக் கடித்தாள் நேடின். வாண்டா அவளை அன்போடு பார்த்தாள். டல்சாவின் தக்காளிச் செடிகள் அத்தனையும் அந்தப் பார்வையில் தெரிந்தன. டெல்பர்ட் தலைவராகும் ஆபத்தைத் தடுக்க வேறு வழியில்லை என்று அது சொன்னது.

"ஆமா, ஆமா!" என்றார்கள் பெண்கள். ஆண்களும் சொன்னார்கள். மெஷின் விஷயத்தை மறக்கடிக்க அவர்களுக்கும் வேறு வழியில்லை. கைகள் மொத்தமாக எழும்பின. இந்த முறை உண்மையாகவே எழும்பின. டெல்பர்ட்கூடத் தூக்கினார். கடைசியாக வெர்னனைப் பார்த்தார்கள். அவர் மேசையைப் பார்த்தபடி, பாதுகாப்பு அதிகாரி ஒருவர் விபத்து அறிக்கையில் கையெழுத்துப் போடுவதுபோல, கையை உயர்த்தினார்.

நேடின் மறுக்கத்தான் வாயைத் திறந்தாள். திறந்த வாயில் வேறொன்று வந்தது.

"எந்தப் பாதையில போறதுன்னு தலைவர்தானே முடிவு பண்ணணும்?"

"பின்னே?" என்றார் ரோஸ்கோ. "தலைவர் சொல்றதுதான் பாதை."

"அப்படின்னா டுலூத் வழியாப் போறோம்."

ஒரு நிமிஷம் எல்லோரும் மனசுக்குள் வரைபடத்தை விரித்தார்கள். டெல்பர்ட்தான் முதலில் கண்டுபிடித்தார். "டுலூத் கிழக்கேன்னா இருக்கு? அலாஸ்கா மேற்கே!"

"தெரியும். டுலூத்துல கொஞ்சம் தங்கி ஓய்வெடுத்துட்டு, அப்புறம் மேல போகலாம். அங்கேருந்து துணைத்தலைவர் எல்லாரையும் கூட்டிட்டுப் போவாரு. எனக்குத் தங்கச்சி வீட்டுல வேலை இருக்கு."

"துணைத்தலைவர் யாரு?"

நேடின் கணவனைப் பார்த்தாள். இரண்டு நாள் ஓடுகிற விசிறிக்குக் கீழே தன்னோடு சேர்ந்து வெந்த மனிதர். "வெர்னன்தான். அவர்கிட்ட மேல்சட்டை இருக்கு."

அன்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தார்கள். விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. வெர்னன் தூங்கிவிட்டாரோ என்று நேடின் திரும்பிப் பார்த்தாள். அவர் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோபமா?" என்றாள்.

"புதன், வியாழன், வெள்ளி," என்றார் வெர்னன். "வேணும்னே அணைச்சு வச்சிருந்தியா?"

"நானும்தானே கூட வெந்தேன்."

அவர் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சற்று நேரத்தில் குறட்டை கேட்டது.

மறுநாள் காலையில் நேடின் காப்பியோடு வெளியே வந்தபோது வண்டியின் நிழலில் நாற்காலிகள் வட்டமாகக் கிடந்தன. நடுவில் வெர்னன், மடியில் வரைபடம், விரல் டுலூத்தின்மேல். டெல்பர்ட்டும் ரோஸ்கோவும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மேற்குப் பக்கமா போனா நேரா மலை ஏத்தம், என்ஜின் சூடாகும்," என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தார். "அனுபவம் இல்லாதவன்தான் அப்படிப் போவான். முதல்ல கிழக்கே போயி, சமதளத்துல வண்டியைப் பழக்கி, அப்புறம் வடக்கே திரும்பறதுதான் முறை. ரொம்ப நாளாவே நான் இதைத்தான் யோசிச்சிட்டிருந்தேன்."

டெல்பர்ட் தலையை ஆட்டி ஆமோதித்தார். நேடின் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, தங்கைக்குப் போன் செய்ய உள்ளே போனாள். இருபது வண்டி நிறுத்த ஏரிக்கரையில் இடம் இருக்குமா என்று எப்படி ஆரம்பிப்பது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.